ஒற்றைக் கொம்பு ஆடும் மூன்று சிவப்புச் சிமிட்டலும்

அலுவலகப் பயிற்சிக்காக மூன்று நாள் வெளியூர் போன அக்கா, வீட்டில் இரண்டு பொருட்களை விட்டுவிட்டுப் போனாள். ஒன்று அவளுடைய கையடக்க கேம் கன்சோல். இன்னொன்று நான். இரண்டில் எதை நம்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கன்சோலை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். அந்தப் போர்வைகளை மடித்து வைப்பது என் வேலை என்பதை மறந்துவிட்டாள்.

அந்தக் கன்சோலுக்குள் நான்கு வருடமாக அவள் ஒரு பண்ணை நடத்திவந்தாள். கிணறு, கொட்டகை, முள்ளங்கி வயல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று. புயல் அடித்த நாளில் பிறந்த ஆடு அது. ஒருமுறை அதற்குக் காய்ச்சல் வந்தபோது, தனக்கு வயிற்றுவலி என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்து காப்பாற்றினாள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் லீவு போட்டதாக நினைவில்லை.

எனக்குப் பண்ணையில் ஆசை இல்லை. கார் பந்தயத்தில்தான் ஆசை. வாங்காத விளையாட்டுகளை அந்தக் கன்சோலில் ஓட்ட வேண்டுமானால் உள்ளே ஒரு குட்டி சிப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னான்.

சர்ஜன் என்று பட்டப்பெயர் வாங்கியவன் என் வகுப்புத் தோழன். எந்தச் சாதனத்தையும் திறந்துவிடுவான். மூடுவது மட்டும் அவன் பாடத்திட்டத்தில் இல்லை. அவன் சரிசெய்து கொடுத்த ரேடியோ ஒன்று இன்றும் நன்றாகப் பாடுகிறது, அணைத்த பிறகும் பாடுகிறது. நான் தயங்குவதைப் பார்த்து அவன் நியாயம் பேசினான்.

"உனக்காக இல்லடா. சிப் போட்டா உங்க அக்கா பண்ணைய அப்படியே காப்பி எடுத்து வெச்சுக்கலாம். நாளைக்கே கன்சோல் கீழ விழுந்து உடைஞ்சா அந்த ஆட்டோட கதி என்ன?"

ஆட்டின் எதிர்காலத்தை நினைத்து நான் சம்மதித்தேன்.

சனிக்கிழமை காலை அறுவை தொடங்கியது. அம்மா தையற்காரி. துணி வெட்டும் அவளுடைய மேஜைதான் எங்கள் அரங்கம். சால்டரிங் அயர்ன், முடி போன்ற ஈயக்கம்பி, ஈயம் ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸ் பசை டப்பா, மல்டிமீட்டர், ட்வீசர் எல்லாம் சர்ஜன் கொண்டுவந்தான். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு மட்டும் அம்மாவுடையது. காஜா எடுக்கவும் ஊசி கோக்கவும் வைத்திருந்த அதை இரவல் வாங்கினோம். அக்காவின் கன்சோலுக்குத் தூசி தட்டுகிறோம் என்று சொன்னேன். அம்மா ஜன்னலோரமாகத் தையல் மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு, நூலை எச்சில் தொட்டு, ஊசியின் காதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கோத்துக்கொண்டிருந்தாள்.

வழிகாட்ட ஒரு வீடியோ இருந்தது. சட்டை போட்ட ஒரு மனிதர், பேச்சே இல்லாமல், பின்னணியில் இசை ஓட, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார். சிப்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை, வரிசையாக நிற்கும் எட்டு கெபாசிட்டர்களில் இடமிருந்து மூன்றாவதன் இரு முனையிலும் வைத்துப் பற்ற வேண்டும். கெபாசிட்டர் என்பது கடுகை நாலாகக் கிள்ளிய அளவு. மின்விசிறியை நிறுத்தினோம். இருமலை நிறுத்தினோம். சர்ஜன் மூச்சையே நிறுத்தியதில் ஒருமுறை நான் அவன் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

தொடக்கத்திலேயே ஒரு விஷயம் இடித்தது. வீடியோவில் உள்விசிறி இடப்பக்கம் இருந்தது. எங்கள் கன்சோலில் வலப்பக்கம். சர்ஜன் சற்றும் அசரவில்லை. எங்களுடையது இடதுகைக்காரர்களுக்காகச் செய்த மாடலாக இருக்கும் என்றான். அக்கா வலதுகைக்காரி என்றேன். விற்றவன் ஏமாற்றிவிட்டான், பாவம் என்றான்.

கம்பிகளைப் பற்றவைத்து முடித்தோம். சுத்தமான வேலை. ஈயம் முத்துப்போல நின்றது. பேட்டரியை மாட்டி, பவர் பட்டனை அமுக்கினோம். திரை கறுப்பாகவே இருந்தது. சிப்பின் குட்டி விளக்கு மூன்று முறை சிவப்பாகச் சிமிட்டிவிட்டு அணைந்தது. 'கம்பிகளைச் சரிபார்க்கவும்' என்று அதற்கு அர்த்தமாம்.

சரிபார்த்தோம். ஃப்ளக்ஸ் தடவி மறுபடி பற்றவைத்தோம். மூன்று சிவப்பு. அயர்ன் முனையில் சூடு போதவில்லை என்று ஏற்றினோம். மூன்று சிவப்பு. சூடு அதிகம் என்று இறக்கினோம். மூன்று சிவப்பு. பக்கத்துப் புள்ளிகளை ஈயம் ஒட்டிவிட்டதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. ஆல்கஹால் தொட்ட பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். அது என் பல் பிரஷ் என்பது பிறகுதான் தெரிந்தது. சிப் இல்லாமலாவது ஓடட்டும் என்று கம்பிகளைக் கழற்றினால், கன்சோல் ஒழுங்காக எழுந்து ஆட்டைக் காட்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மறுபடி பற்றவைத்தோம். மூன்று சிவப்பு.

ஞாயிறு மதியம் வரை இதே கூத்து. மாலை ஆறு மணிக்கு அக்கா வந்துவிடுவாள். நடுவில் போன் வேறு செய்தாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாள். அலமாரிப் பக்கம் யாரும் போகவில்லையே என்று கேட்டாள். எந்த அலமாரி என்று நான் கேட்டதை அவள் ரசிக்கவில்லை.

மூன்று மணிக்கு அம்மாவின் பொறுமை முடிந்தது. விளக்கைப் பிடுங்க வந்தவள், செல்போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்து நின்றாள். மனிதர் வேலையை முடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"யாருடா இவனுக்குத் தச்சுக் கொடுத்தது?" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"சட்டையப் பாரு. பாக்கெட்டு வலப்பக்கம் இருக்கு. பட்டன் பொம்பள சட்டை மாதிரி இடப்பக்கம் இருக்கு. நான் இப்படித் தச்சுக் கொடுத்தா துணிய என் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க."

"ஸ்டைலா இருக்கும், ஆன்ட்டி," என்றான் சர்ஜன்.

"கண்ணாடி முன்னாடி நின்னா எல்லாருக்கும் இந்த ஸ்டைல்தான், தம்பி."

நான் எழுந்து, செல்போனை அலமாரிக் கண்ணாடியின் முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் மனிதரின் பாக்கெட் இடப்பக்கம் வந்தது. உள்விசிறி வலப்பக்கம் போனது. எங்கள் கன்சோல் திடீரென்று சாதாரண மாடலாகிவிட்டது.

யாரோ எடுத்த வீடியோவை இன்னொருவன் சுட்டிருக்கிறான். பிடிபடாமலிருக்க இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான். காசு கொடுக்காமல் விளையாட நினைத்த நாங்கள் அந்தத் திருட்டு வீடியோவை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. திருடனிடமே திருடன் இப்படி நடந்துகொண்டால் யாரைத்தான் நம்புவது? இரண்டு நாளாகத் தப்பான கெபாசிட்டரில் மிகச் சரியாகப் பற்றவைத்திருக்கிறோம்.

வலமிருந்து மூன்றாவதில் கம்பிகளை வைத்தான் சர்ஜன். அமுக்கினோம். நீலம். ஒரே ஒரு முறை, அழகான நீலம். திரையில் பண்ணை விரிந்தது. கொட்டகை வாசலில் ஆடு ஒற்றைக் கொம்போடு எங்களைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கியது. ஃப்ளக்ஸ் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

"இரு, முறைப்படி எல்லாப் பட்டனையும் டெஸ்ட் பண்ணிடுவோம்," என்றான் சர்ஜன். ஒவ்வொரு பட்டனையும் நான்கு முறை அமுக்கினான். திரையில் என்னென்னவோ கேள்விகள் வந்து போயின. பட்டன் வேலை செய்கிறதா என்பதுதான் பரிசோதனை, படிப்பது அதில் சேராது. எல்லாப் பட்டனும் வேலை செய்தது. வாக்குத் தவறாமல் பண்ணையைக் காப்பியும் எடுத்தான். கன்சோலை மூடி, ஸ்க்ரூக்களை முடுக்கி, ஒன்றுகூட மிச்சமில்லாமல் போர்வைக்கு அடியில் வைத்தோம். சர்ஜன் வாழ்க்கையில் ஒரு சாதனத்தை மூடியது அன்றுதான்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். கால் கழுவவில்லை, நேரே அலமாரிக்குப் போனாள். சிப் போட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. அவள் எதையும் கண்டுபிடிக்க வழியே இல்லை. பதினைந்து விநாடி கழித்து அறையிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"டேய். என் ஆடு எங்க?"

கொட்டகை வாசல் காலியாக இருந்தது. விளையாட்டின் குறிப்பேட்டை அவள் திறந்து காட்டினாள். மூன்று மணி நாற்பதுக்கு வியாபாரி வந்திருக்கிறான். ஆட்டை விற்கிறீர்களா? ஆம். நிச்சயமாகவா? ஆம். பிறகு வருத்தப்பட மாட்டீர்களே? ஆம். வழியனுப்பி வைக்கிறீர்களா? ஆம். நான்கு முறை. சர்ஜன் எதையும் முறைப்படி செய்பவன்.

மறைக்க இனி ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காப்பி எடுத்தீங்கன்னு சொன்னியே, அதுல ஆடு இருக்குமா?"

கிளம்புவதற்காக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சர்ஜனை நான் பார்த்தேன். சர்ஜன் தன் செருப்பைப் பார்த்தான்.

"டெஸ்ட் முடிஞ்சதும் எடுத்தோம், அக்கா," என்றான்.

ஆடில்லாத பண்ணை இரண்டு பிரதிகளாகப் பத்திரமாக இருந்தது.

அக்கா அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கன்சோலை என் மடியில் வைத்தாள். "சிப்பு போட்டதக்கூட மன்னிச்சுடுவேன். என் ஆடு வந்தாகணும்," என்றாள். அந்த வியாபாரி பருவத்துக்கு ஒருமுறைதான் வருவானாம். அறுநூறு முள்ளங்கி கொடுத்தால் ஆட்டைத் திருப்பித் தருவானாம். முள்ளங்கியை விதைத்து, களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும்.

இப்போது மூன்றாவது வாரம். கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம் வயலில் நிற்கிறேன். கார் பந்தயம் மெமரி கார்டில் தொடப்படாமல் கிடக்கிறது. அதைத் திறந்தால் கை இருக்காது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சர்ஜன் காலையில் வாசலோடு நின்று, எத்தனை ஆச்சு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறான். நேற்று இருநூற்றுப் பதினொன்று. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே அம்மா ஒரே குத்தில் ஊசியைக் கோக்கிறாள். அக்கா என் தோளுக்குப் பின்னால் காபியோடு நின்று திரையைப் பார்க்கிறாள்.

"அந்த மூலைக்குத் தண்ணி விடல," என்றாள் இன்று காலை.

விட்டேன்.