இரண்டு கொசுவம்

என் மனைவி ஆனந்தவள்ளியின் பட்டு ஜாக்கெட்டுக்கு நான் இரண்டு வலது கைகள் வெட்டி வைத்திருந்தேன். துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டாக வெட்டினால் வலதும் இடதும் தானாக ஜோடியாக வந்துவிடும். எனக்குத்தான் கூடுதல் புத்தி. இரண்டு கையிலும் பட்டுக்கரை ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். சாதாரணத் துணி என்றால் ஒன்றைப் புரட்டிப் போட்டு மூட்டிவிடலாம். பட்டைப் புரட்டினால் ஜரிகையின் பின்பக்க நூலெல்லாம் வெளியே தெரியும்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. வேறு துணி கிடையாது. சேலையோடு வந்த ஜாக்கெட் பிட் அது.

போலீஸில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். தென்காசி பக்கம் மேலகரத்தில் வீடு. மகளுக்காக வாங்கிய தையல் மிஷின் அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபின் தேய்க்க வேண்டிய துணிகளைச் சுமந்துகொண்டு நின்றது. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பேப்பரை இரண்டு தடவை படித்து முடித்த ஒரு காலையில், துணிகளை இறக்கிவைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் தைத்தது தலையணை உறை. நான்கு பக்கமும் நன்றாக, அழுத்தமாக மூட்டிவிட்டேன். தலையணை எந்த வழியாக உள்ளே போகும் என்று ஆனந்தவள்ளி கேட்டபோதுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு பாவாடையோடு சேர்த்து நான் கட்டியிருந்த கைலியையும் தைத்து, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மேல் நூலைச் சரிசெய்தால் அடி நூல் சுருண்டு கொத்தாகக் கிடக்கும். அடி நூலைச் சரிசெய்தால் ஊசி முறியும். சீசன் வந்து சாரல் விழுந்தால் ஊரே குளிர்ந்து சந்தோஷப்படுகிறது. என் ஊசிகள் துருப்பிடிக்கின்றன. தைத்த நேரத்தைவிடப் பிரித்த நேரம்தான் அதிகம். ஆனாலும் செல்போன் வைக்கிற மாதிரி பாக்கெட் போட்டு ஒரு நைட்டி தைத்தேன் பாருங்கள், அதை அவள் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனபோது தெருவில் மூன்று பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஜாக்கெட் விஷயம் அப்படி இல்லை. வேலையில் இருந்தவரை நான் அவள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் போனதில்லை. சீசனில் அருவிக்கரை பந்தோபஸ்து, மற்ற நாளில் கோயில் திருவிழா, தேர்தல். அவள் வீட்டு ஆல்பங்களில் எல்லாம் ஆனந்தவள்ளி ஓரமாகத் தனியாக நிற்பாள். பக்கத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய ஹேண்ட்பேக் இருக்கும். "ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு டூட்டியா?" என்று அவளுடைய அக்கா தங்கத்தாய் கேட்காத கல்யாணம் இல்லை. இப்போது தங்கத்தாயின் மகள் வேல்விழிக்குக் கல்யாணம். நானும் வருகிறேன், ஜாக்கெட்டையும் நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனந்தவள்ளி அதை எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவள் அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் நிற்க வேண்டும், பக்கத்தில் நான் நிற்க வேண்டும். வேறு எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மூன்று நாள் மறைத்தேன். "இன்னும் கை மூட்டலை" என்று சொல்லிவைத்தேன். வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தென்காசி பஜாரில் கடை கடையாக ஏறினேன். வெங்காயத்தோல் நிறம். ஒரு கடைக்காரர் பதினோரு துணி எடுத்துப் போட்டார். கடை வெளிச்சத்தில் ஒத்துப்போனது வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிட்டது. கடைசியில் தையல்கடை ஜெயசித்ராவிடம் போய், வெட்டியிருந்த இரண்டு கைகளையும் மேஜையில் வைத்தேன். ஜெயசித்ரா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மனது கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"வெளிய தேடாதீய அண்ணாச்சி. அந்தச் சேலையிலேயே துணி இருக்கு. இடுப்புல சொருகுத தலைப்புல ஒரு முழம் எடுத்தா கை வந்துரும், கரையும் கெடைக்கும். ரெண்டு கொசுவம் குறையும், அம்புட்டுத்தான். ஆனா மதினிகிட்ட கேக்காம கத்திரி வச்சிராதீய."

"கேக்கணுமா?"

"தெனமும் சேலை கட்டுதவங்களுக்கு ஒரு முழம் குறைஞ்சா தெரியாதா?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆனந்தவள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடு என்று எத்தனை பேரை மிரட்டியிருப்பேன். அது சொல்லுகிறவனுக்கு இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரு தப்பு நடந்துபோச்சு."

"கைதான?" அவள் கீரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மூணு நாளா ரெண்டு கையையும் மாத்தி மாத்தி வச்சுப் பாக்கீய. எனக்குக் கண்ணு இல்லையா?"

ஜெயசித்ரா சொன்ன யோசனையைச் சொன்னேன். அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்து, ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். சேலைக் கரையின் பச்சை. கொக்கி, காஜா, கழுத்துப் பட்டி எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. ஜெயசித்ரா தையல்.

"இது எப்ப தச்சது?"

"பதினஞ்சு நாள் இருக்கும்."

அதாவது நான் கத்திரியைத் தொடுவதற்கு முன்னாலேயே. எனக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொன்னவள், உள்ளுக்குள் என்னை இவ்வளவுதான் நம்பியிருக்கிறாள். அந்த ஜெயசித்ராவும் எல்லாம் தெரிந்துகொண்டே என்னிடம் மூச்சு விடவில்லை. "அப்ப இதையே போட்டுக்க" என்று சொல்லிவிட்டு மிஷின் இருந்த அறைக்குப் போய்விட்டேன். தப்பு செய்தவன் நான். கோபமும் எனக்குத்தான் வந்தது. ஜன்னலைத் திறந்து சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் ஒன்றும் தெரியவில்லை, மேகம் இறங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். கையில் சேலை. தரையைத் துடைத்துவிட்டு அதை விரித்தாள். உள்தலைப்பை என் பக்கம் தள்ளினாள்.

"எங்கன வெட்டணும்னு கோடு போடுங்க."

"வேண்டாம். நல்ல சேலை."

"எனக்கு ஆறு கொசுவம் வருது. நாலு போதும்."

"அந்தப் பச்சை ஜாக்கெட்?"

"அது ஒரு தைரியத்துக்குத் தச்சு வச்சேன். நீங்க ஒரு தலையணை உறை தச்சீயளே, அதை மனசுல வச்சுக்கிட்டு." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு முழம் அளந்து வெட்டினேன். வெட்டிய துண்டை முதலில் வெட்டிய வலது கையோடு முகத்துக்கு முகம் பார்த்துப் படுக்கப் போட்டு, நாலு தடவை சரிபார்த்து, அப்புறம்தான் கத்திரியை வைத்தேன். இந்தத் தடவை இடது கை வந்தது. மூட்டும்போது தோளில் சுருக்கம் விழுந்தது, பிரித்தேன். மறுபடி மூட்டினேன், கரை அரை விரல் இறங்கி நின்றது, பிரித்தேன். அடுத்த நாள் மத்தியானம் மூன்றாவது தடவை மூட்டியபோது கை தோளில் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவளைத்தான் கூப்பிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கட்டிலில் இரண்டு ஜாக்கெட்டும் கிடந்தன. நான் வெளியே நின்று, போட்ட பொத்தானையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. வெங்காயத்தோல் நிறம்.

"இடது கை லேசா பிடிக்குது" என்றாள்.

"கழட்டிக் குடு, ஒரு நிமிசத்துல பிரிச்சு விட்டுருதேன்."

"கெடக்கட்டும், வாங்க. நேரமாச்சு."

செங்கோட்டை மண்டபத்தில் நுழைந்ததும் தங்கத்தாயின் கண் தங்கச்சியின் இடுப்புக்குத்தான் போனது. "ஏட்டி, என்ன நாலு கொசுவத்துல நிக்க? சேலை பத்தலையா?"

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனந்தவள்ளி அசரவில்லை.

"அதுல ரெண்டு கொசுவத்தை எடுத்துத்தான் அவுக இந்தக் கையைத் தச்சாக."

தங்கத்தாய் நம்பவில்லை. மணமக்களோடு படம் எடுக்க மேடைக்கு ஏறியபின்னும் கேள்வி ஓயவில்லை. ஒட்டு எங்கே இருக்கிறது, கரை எப்படிச் சேர்ந்தது. அதே நேரத்தில் போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஆனந்தவள்ளி இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, "எங்கன ஒட்டுன்னு நீயே கண்டுபிடி" என்றாள். பிடிக்கிறது என்று காலையில் சொன்ன அதே கை. "அக்கா, கையை இறக்குங்க" என்று போட்டோக்காரர் கத்தினார். அவள் காதில் விழவில்லை.

படம் நாலு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. மணமக்கள் முதல் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஆனந்தவள்ளி மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் பக்கத்தில், ஹேண்ட்பேக் இருக்க வேண்டிய இடத்தில், நான் நிற்கிறேன். என் கண் அவளுடைய கக்கத்துத் தையலில் இருக்கிறது, எங்கே விட்டுவிடுமோ என்று. விடவில்லை.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான். ஆனந்தவள்ளி அதைப் பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றாள்.

"நான் கேமராவைப் பாக்கவே இல்லையே" என்றேன்.

"பரவால்ல. என்னையத்தான பாத்துக்கிட்டு நிக்கீய."

ஆமாம் என்றேன்.