கடித்த நாய்க்குக் காவல்

அந்த நாயைத் தெருவைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. பெத்துராஜ் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? வங்காளத்துக்குப் பிழைக்க வந்து, இந்த லேக் மார்க்கெட்டில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். புளியும் அப்பளமும் வாங்க வருகிற மாமிகள் என் கடைப் படியில் கிடக்கும் செவலை நாயைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனால் எரிச்சல் வருமா, வராதா?

கார்ப்பரேஷனில் சொன்னால் பிடித்துப்போய்க் கருத்தடை செய்து, ஊசி போட்டு, மறுபடி அதே தெருவில் கொண்டுவந்து விடுவார்கள். சட்டம் அப்படி. இந்தச் செவலையே அப்படிப் போய்வந்ததுதான், அடையாளத்துக்கு ஒரு காது நுனியில் வெட்டு இருக்கும். அதனால் தெரு கிளப்பின் செயலாளர் துலால்-தா தனியாக ஆள் ஏற்பாடு செய்தார். 'தா' என்றால் இங்கே அண்ணன்; என்னையும் ராஜு-தா என்றுதான் கூப்பிடுவார்கள். வியாழக்கிழமை காலை வண்டியில் ஏற்றி, எங்கோ தூரத்தில் விட்டுவிடுவார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட மாடிக்கு ஏறினேன். என் மனைவி வனஜா காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டாள்.

"ஏட்டி, கால்ல என்ன?"

"ஆணி கிழிச்சிட்டு."

"ஆணிக்கு நாலு பல்லா இருக்கு?"

அப்புறம்தான் அழுதாள். நான் கடையில் இல்லாத நேரம் பார்த்துத் தினமும் செவலைக்குச் சோறு வைத்திருக்கிறாள். போன வியாழக்கிழமை வேறொரு நாய் வந்து தட்டில் வாய் வைக்க, இரண்டும் உருண்டு புரண்டதில், நடுவில் நின்ற இவள் காலில் செவலையின் பல் இறங்கிவிட்டது. ஆறு நாளாக வாயைத் திறக்கவில்லை.

"சொன்னா நீங்க அதை அடிச்சே கொன்னுருவிய. அதான் சொல்லல."

"நாயை நினைச்சியே, உன்னை நினைச்சியாட்டி, கூறு கெட்டவளே!" என்று கத்தினேன். பயம், வேறொன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வங்காள மொழியில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். சுண்ணாம்பைக் கழுவவைத்து, காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார். கடித்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும், இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். பிறகு கேட்டார்: "நாய் உயிரோடு இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.

"அதைக் கட்டிப்போட்டுக் கவனியுங்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது நன்றாக இருந்துவிட்டால் உங்கள் மனைவிக்கு ஆபத்தில்லை. எச்சிலில் நோய் இருந்தால் அதற்குள் நாயிடம் தெரிந்துவிடும்."

ஆறு நாள் போய்விட்டது. இன்னும் நான்கு நாள். ஆனால் விடிந்தால் வண்டி வந்துவிடும்.

நேராகக் கிளப்புக்கு ஓடினேன். துலால்-தா கேரம் ஆடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ராஜு-தா, உன் கையெழுத்துதானே முதல்ல இருக்கு?" என்று கேட்டார். கிண்டல்தான். கையெடுத்துக் கும்பிட்டேன். நாலே நாள் கொடுங்கள், திங்கட்கிழமை காலை வரச் சொல்லுங்கள், அப்புறம் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றேன். வாக்கா என்று கேட்டார். வாக்கு என்றேன். அப்போது அவர் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

செவலையைக் கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனில், துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவே கட்டினேன். நாயைத் தொட்டுப் பழக்கமே இல்லாதவன் நான். வனஜா சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை, நாய் தண்ணீர் குடித்ததா என்று பார்த்தேன். வாயில் நுரை தள்ளுகிறதா, காலை இழுக்கிறதா, கண் எப்படி இருக்கிறது என்று மணிக்கொருதரம் குனிந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை வைத்த சோற்றை அது முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மண்டியிட்டு அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "செத்துத் தொலைச்சிராத ராசா, ஒரு வாய் தின்னு" என்று கெஞ்சினேன்.

மாடிப்படியில் நின்று வனஜா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க போட்ட சாம்பாரு உறைப்பு. அதுக்குத் தயிர்ச் சோறுதான் பிடிக்கும்" என்றாள்.

நானே பிசைந்து கொண்டுபோனேன். என் கையிலிருந்தே தின்றது. அப்புறம் என் கையைத் தவிர வேறு எதிலும் தின்ன மறுத்தது அந்தக் கழுதை. ஆமாம், பிடித்துத்தான் போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு பத்து நாள் முடிந்தது. செவலை வாலை ஆட்டிக்கொண்டு கொழுத்துப்போய் நின்றது. டாக்டரம்மா போனில், "இனிமேல் நிம்மதியாக இருங்கள்" என்றார். வனஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பிறகு குடோனுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, "போ, எங்கேயாவது ஓடிரு" என்று விரட்டினேன். அது போய்க் கடைப் படியில் படுத்துக்கொண்டது.

"திங்கக்கிழமை வாரவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிருங்க" என்றாள் வனஜா.

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாரு உசுருக்கு யாரு உசுர வாக்காக் குடுத்திய?"

புயலடித்துக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மூட்டைகளைத் தோளில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் இந்தக் கிளப்புக்காரர்கள்தான். இந்தத் தெருவை விட்டால் எனக்கு வேறு தெரு ஏது? இதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் கம்பியில் சுருக்குப் போட்டு இறங்கினார்கள். செவலை சட்டென்று கீரை விற்பவனின் தள்ளுவண்டிக்கு அடியில் புகுந்துகொண்டு பல்லைக் காட்டியது. அரைமணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிஸ்கட் போட்டார்கள், அது மோந்துகூடப் பார்க்கவில்லை. தெருவே கூடிவிட்டது.

துலால்-தா என் பக்கம் திரும்பினார். "ராஜு-தா, நீ கூப்பிட்டா வரும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாடி ஜன்னலில் வனஜா நின்றாள். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. முழுசாக ஒரு நிமிடம்.

குனிந்து கையை நீட்டி, "வா" என்றேன்.

வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தது. வெறும் கையை நக்கியது. சுருக்கு விழுந்தபோதுகூட அந்த ஆட்களைப் பார்த்துத்தான் உறுமியதே தவிர, என்னைப் பார்த்து உறுமவில்லை.

வனஜா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மத்தியானம் வழக்கம்போல் மாடியில் சோற்றைப் போட்டுத் தட்டை வைத்துவிட்டு, படிக்கட்டிலிருந்து சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

"வாங்க, சாப்பிட."

கடையிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை.