பேர் வெட்டிய கோபம்

கரிசல் பக்கத்துச் சில ஊர்களில் கோபத்துக்கு எடை உண்டு. வீடு மாறினால் அதையும் வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். சீர்ப் பாத்திரத்தைப் போல அதிலும் பேர் வெட்டியிருக்கும்.

வேலுத்தாய் தன் டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு மகள் கஸ்தூரியின் மாமியார் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை கைநீட்டியிருந்தான். அதற்கும் சமாதானம் பேச வந்து நின்ற பெரிய மனுசர்களைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்ட சீரில் ஒரு கரண்டிகூட இங்கே தங்கக் கூடாது. பீரோ, கட்டில், கிரைண்டர், குடங்கள் எல்லாம் ஏறின. கஸ்தூரியின் கோபம் அடுப்படி மூலையில் கிடந்ததால் கடைசியில்தான் வந்தது. நாலு பேர் முக்கித் தூக்கி டிரெய்லரின் பின்பக்கம் வைத்தார்கள்.

மாமியார் சீனியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா மதினி? ஒங்க மகன் செஞ்சதுக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டீகளோ?"

வேலுத்தாய் கேட்டுக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

ஊரைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஏறியதும் டிரெய்லர் இங்கும் அங்குமாக அலைந்தது. வேலுத்தாய் மெதுவாக நிறுத்தினாள். பாரம் பின்னால் இருந்தால் டிரெய்லரை மாட்டியிருக்கும் கொக்கியைத் தூக்கிவிடும். இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தாள்.

"இம்புட்டையும் எங்கிட்டச் சொல்லாமயாடி வச்சிருந்த?"

"சொன்னேன். பொறுத்துக்கன்னு நீதானம்மா சொன்ன."

வேலுத்தாய் கயிற்றை அவிழ்த்தாள். இருவருமாகக் கோபத்தை முன்பக்கம் உருட்டியபோது, அதன் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. களிம்பேறிப்போன பழசு. துடைத்துப் பார்த்தார்கள். சீனியம்மாள் என்று வெட்டியிருந்தது.

அதற்குள் சீனியம்மாளே ஒரு மஞ்சப்பையோடு கரைமேல் வேகவேகமாக வந்துவிட்டாள்.

"அது எம்பொருளு."

"எறக்கித் தாரேன், கொண்டு போங்க."

"எங்க கொண்டு போக? நானும் வாரேன்."

அடித்தவனைப் பெற்றவள். வேலுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பழசையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"பின்னால ஒக்காராதீக. கொக்கிப் பக்கமா ஏறுங்க."

கஸ்தூரி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வண்டி இப்போது நூல் பிடித்தாற்போல் போனது.

வளைவில் வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு கோபமும் போய்ப் பாரம் இல்லாத அந்த மாமியார் வீடு தரையை விட்டுக் கிளம்பி, வேப்பமர உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

வேலுத்தாய் கியரை மாற்றினாள்.