பிள்ளையின் அம்மா

அம்மாவின் கைக்குள்ளிருந்து பொம்மையைச் சின்னவள் மெல்ல உருவினாள். ஒவ்வொரு விரலாக விலக்க வேண்டியிருந்தது. சாகக் கிடக்கிற உடம்பில் இத்தனை பிடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். உருவியதை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் வந்துகொண்டிருந்தான். எல்லாம் முடிவதற்குள் அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் சின்னவளாகவே இருப்பவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. பொம்மை கையில் இருக்கும்வரை அம்மாவின் கண் வேறெங்கும் திரும்பாது என்பது அவள் கணக்கு.

மறதி முற்றிய அம்மாவுக்கு இந்த முதியோர் இல்லத்தில் அந்தப் பொம்மையைக் கொடுத்த அன்றே அவள் சண்டைக்குப் போனவள்தான். பிரசவ வார்டில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள் அம்மா, டாக்டர்களே பார்த்துப் பேசிய ஆள், அவளைப் பொம்மை வைத்து விளையாட விடுவதா என்று கேட்டாள். ஆனால் அம்மா விளையாடவில்லை, வேலை பார்த்தாள். பொம்மையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். துணியை உதறி இறுக்கமாகச் சுற்றுவாள். டிவியை அலறவிடும் அடுத்த அறைக் கிழவரை, குழந்தை தூங்குவது தெரியவில்லையா என்று அதட்டுவாள். சாயங்காலமானால் வீட்டுக்குப் போகணும் என்று வாசற்கதவை உலுக்கிக்கொண்டிருந்தவள் அதோடு அடங்கினாள். தூக்க மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டார்கள். அதற்கு மேல் சின்னவள் என்ன பேச?

பொறாமை மட்டும் போகவில்லை. ஊரில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் வாங்கிய அம்மா வேலை முடிந்து வரும்போது இவள் சோறு தின்றுவிட்டுத் தூங்கியிருப்பாள். இப்போது ஒரு ரப்பர் பொம்மைக்கு நாள் முழுக்க மடி.

கட்டிலில் உட்கார்ந்து முகத்தை நேருக்கு நேர் காட்டினாள்.

"அம்மா, நான்தாம்மா. சின்னவ."

கண் திறந்தது. அவள்மேல் நிற்கவில்லை. கைகள் போர்வையைத் துழாவின, தலையணைக்கு அடியில் துழாவின. மூச்சு இரைத்தது. தொலைத்துவிட்டவளின் பதற்றம் முகமெல்லாம் பரவியது. சத்தம் கேட்டுப் பணிப்பெண் உள்ளே வந்தாள். வெறும் கையைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். கோபப்படவில்லை. இங்கே யாரும் பிடுங்குவதில்லை, துவைக்க வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்குவோம், அவர்களாகவே கொடுப்பார்கள் என்று மட்டும் சொன்னாள்.

சின்னவளுக்கு முகம் எரிந்தது. பொம்மையை எடுத்து வந்து அம்மாவின் கைமடிப்பில் படுக்க வைத்தாள். இரைப்பு மெல்லத் தணிந்தது. புறங்கை பொம்மையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, புள்ளையோட அம்மாவா?"

வார்டுக் குரல். சின்னவள் பணிப்பெண்ணைப் பார்த்தாள். அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இல்லம்மா, நான் உன் பொண்ணு என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தக் கைகள் மறுபடி துழாவத் தொடங்கிவிடும். வந்ததை விழுங்கினாள்.

"ஆமா சிஸ்டர். நான்தான்."

அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "பால் குடிச்சாச்சு. காய்ச்சல் இல்ல. ராத்திரி பூரா எங்கிட்டதான் இருந்தா. படுத்தவே இல்ல, நல்ல புள்ள." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு ட்யூட்டி முடிஞ்சிருச்சு. வாங்கிக்கோ."

சின்னவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"தலையத் தாங்கிப் பிடி. மொதப் புள்ளையா?"

மீசை வைத்த மகன் இருப்பவள் ஆமென்று தலையாட்டினாள்.

அம்மா வெறும் கைகளைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சாப்பாட்டு வண்டி வராந்தாவில் உருண்டு போன நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. சின்னவளுக்கு அழுகை பொங்கியது. சத்தம் வராமல் அழுது தீர்த்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கால்மாட்டில் நின்று அம்மாவின் பாதத்தைப் பிடித்தான். கஷ்டப்பட்டாளா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் போன் அடித்தது. பெரியம்மா. இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தங்கை பக்கம் நீட்டினான்.

"கடைசி நேரத்துல உன்னை அடையாளம் தெரிஞ்சுதான்னு கேக்குறாங்க. அதைக் கீழ வச்சுட்டுப் பேசு."

சின்னவள் பொம்மையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, போனை வாங்கக் கையை நீட்டினாள்.