சிவப்புக் கோடு

கார் தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. அடித்தொண்டையில் யாரோ விடாமல் முனகுவது போன்ற சத்தம். வேகம் கூடினால் அதுவும் கூடியது. வருவது யார் என்று மெக்கானிக் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாமனாரின் காருக்கு இருபத்திரண்டு வயது. தன்னைவிட அதைத்தான் அப்பா செல்லமாக வளர்த்தார் என்று அவன் மனைவியே சொல்வாள். ஐந்து நாளைக்கு முன்பு அதன் பேட்டரிக்குக் கரன்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டர் உயிரை விட்டது. அவன்தான் பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினான். மாட்டிய அன்று சத்தம் என்று ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் போனில் வசவு தொடங்கியது.

மாமனார் எஞ்சினை அணைக்காமலே இறங்கி, கதவில் சாய்ந்து நின்றார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

“கேக்குதா, மெக்கானிக்? இல்ல, காதையும் ஏதாவது பழைய சாமான் கடையில வாங்கி மாட்டியிருக்கியா?”

பேசாமல் இருப்பது அவனுக்குக் கைவந்த கலை. அவருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. அவன் பங்கையும் சேர்த்து அவரே பேசினார். ஷெட் தன் பெயரில் இருப்பதை நினைவுபடுத்தினார். உருப்படியான ஒருவன் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, சுவரில் ஆணியில் தொங்கிய ஷெட் சாவியைப் பார்த்தபடி குரலை இறக்கினார்.

“பன்னெண்டு மணி வரைக்கும் பாக்குறேன். சத்தம் நிக்கலன்னா சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு.”

ரேக்கடியில் நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டரின் முன்பக்கம் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்தான். உள்ளே பேரிங் அலறியது. பக்கத்திலிருந்த தண்ணீர் பம்பில் வைத்துக் கேட்டான். அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன, நீயும் எஞ்சினும் ரகசியம் பேசுறீங்களா?” என்றார் மாமனார்.

எஞ்சினை நிறுத்தி, ஆல்டர்னேட்டரின் வயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தான். கரன்ட் கோளாறாக இருந்தால் இப்போது அடங்கியிருக்கும். அடங்கவில்லை. அப்படியென்றால் பேரிங்கேதான். கையால் சுற்றிப் பார்த்து, ஒரு குறையும் காணாமல் அவனே வாங்கி வந்தது. எங்கே ஏமாந்தோம் என்ற கேள்வி இரண்டு நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் மூன்று வருடமாகச் சொல்வதெல்லாம் சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு குனிந்தவன், அப்படியே நின்றான்.

எந்த போல்ட்டை முறுக்கி முடித்தாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவது அவன் வழக்கம். மனைவியின் நகப்பூச்சுதான் அதற்கு மை. போல்ட் அசைந்தால் கோடு உடையும். பெல்ட்டின் இறுக்கத்தைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டில் அது உடைந்திருந்தது. ஒரு பாதி மேலே பார்த்தது. மறுபாதி விரலகலம் தள்ளிக் கிடந்தது. பக்கத்தில், கம்பி கொடுத்து நெம்பிய புதுத் தழும்பு. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். அரை அங்குலம் அமுங்க வேண்டியது கல்லாக நின்றது. இத்தனை இறுக்கத்தில் எந்த பேரிங்கும் அலறத்தான் செய்யும்.

பெல்ட் தானாகத் தளரலாம். தானாக இறுகாது.

நிமிர்ந்தான். மாமனாரின் வலது கை விரல்முட்டிகளில் சிராய்ப்பு ஆறிக்கொண்டிருந்தது.

இறுக்கியது யார் என்று சொன்னால், மகள் முன்னால் பட்ட அவமானத்துக்காகவே சாவியைப் பிடுங்கிக்கொள்வார். சொல்லாவிட்டால் ஷெட் தங்கும், பழியும் தங்கும். மனைவி வந்து அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பதை உணர்ந்தான். பிறகு போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை அளவாக இழுத்து, முறுக்கினான். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தான்.

எஞ்சின் மட்டும் ஓடியது. முனகல் இல்லை.

மாமனார் முகத்தில் ஏமாற்றம் போல ஏதோ வந்து போனது. “நாலு வார்த்தை வாங்கினாத்தான் உனக்கு வேலை ஓடும். மொதல்லயே ஒழுங்கா மாட்டியிருந்தா இதெல்லாம் தேவையா?”

“அப்பா, கையில என்ன காயம்?” என்றாள் மகள்.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

அவள் பார்வை அவர் கையிலிருந்து போல்ட்டுக்குப் போயிற்று. அவர் பார்வையும் பின்னாலேயே போயிற்று.

மெக்கானிக் ரேக்கிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வந்தான். நிதானமாகப் புதுக் கோடு ஒன்றை இழுத்தான். குப்பியை மூடி அவர்முன் நீட்டினான்.

“வச்சுக்குங்க மாமா. அடுத்த தடவை இறுக்கினா நீங்களும் ஒரு கோடு போட்டுருங்க. எது யார் வேலைன்னு தெரிஞ்சிடும்.”

அவர் குப்பியைத் தொடவில்லை. விறுவிறுவென்று போய் ஆணியிலிருந்த சாவியை எடுத்தார். மகள் நட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி, அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். நான்காவது டப்பா வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவியைத் திரும்ப மாட்டினார்.

“இருக்கட்டும், மெக்கானிக்,” என்றார். “இப்போதைக்கு.”

அவர் பேனட்டை அறைந்து மூடிய சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கார் போன சத்தம்தான் கேட்கவில்லை.