மூன்றாம் நம்பர் இன்னும் காட்டுக்குள்ளே

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். துணி உலர்த்தும் மூன்றாம் நம்பர் டிரையர் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. கதவிடுக்கில் புகை.

"திறந்துடாதடி! காத்து பட்டா குப்புனு பிடிச்சுக்கும்!" இஸ்திரி மெஷின் அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

உள்ளே நாற்பது படுக்கை விரிப்புகள். கருகிய வாசனை மூக்கில் ஏறியது. ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வர வேண்டிய வேலை நிரந்தரக் கடிதமும் அம்போ.

"நோட்டுல ஒண்ணும் எழுதலியா அந்தக் காலை ஷிஃப்ட் ஆளு?"

"எழுதாம என்னக்கா! பெரிசா எழுதி வச்சிருக்காரு!"

காலை ஷிஃப்ட் பின்வாசல் வழியாகப் போகும், மதிய ஷிஃப்ட் முன்வாசல் வழியாக வரும். ஆளோடு ஆள் நின்று பேசுவதே இல்லை. மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நோட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இன்றைய வரி: 'நம்பர் த்ரீ நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ்.'

"சலவைக்கூடத்துல காடு எங்கேருந்துடி வந்துச்சு?"

"ஆபத்து இன்னும் நீங்கலைன்னு அர்த்தமாம். இங்கிலீஷ் மரபுத்தொடர் புக்ல பார்த்துட்டேன். சரி, என்ன ஆபத்து? பெல்ட்டா? வயரா? சூடா? அதைச் சொல்லித் தொலைக்க மாட்டாரா!"

நேற்று ஏதோ பனிப்பாறையின் நுனி. முந்தாநாள் முட்டை ஓட்டு மேல் நடை. மூன்று மாதமாக தினம் பத்து நிமிஷம் புத்தகத்தைப் புரட்டி மண்டை காய்கிறாள். அர்த்தம் கிடைக்கும், விஷயம் கிடைக்காது. இரண்டு மெமோவும் அப்படி வந்தவைதான். இரண்டிலும், 'எச்சரித்து எழுதியிருந்தும் கவனிக்கவில்லை' என்று மேனேஜர் எழுதியிருந்தார்.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

வீட்டுக்குக் கிளம்பும் வேனில் ஒரு காலை வைத்திருந்தார், அந்த வரியை எழுதிய முழுக்கை அண்ணன். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போடுகிறவர்.

"அண்ணே! த்ரீக்கு என்ன கேடு? தமிழ்ல சொல்லுங்க!"

"சூடு கட் ஆக மாட்டேங்குதும்மா. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி நாமே நிறுத்தணும். ஏன், என்ன ஆச்சு?"

"நாப்பது விரிப்பு கருகிடுச்சு! இதை இப்படியே எழுதினா கை சுளுக்கிக்குமா? காடு மேடுன்னு எதுக்கு இந்த பந்தா?"

அவர் முகம் சுருங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். அவளிடம் இருக்கும் அதே மரபுத்தொடர் புத்தகம். அட்டை கிழிந்திருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஒரு வரிக்கு அரை மணி நேரம் முட்டிக்கிறேன். இப்படி எழுதினாத்தான் மேனேஜருக்குப் பிடிக்குது. சாதாரணமா எழுதினா அவர் கண்ணுக்கே தெரிய மாட்டோம்."

"இதை மேனேஜர்கிட்டயே கொண்டு போறேன். இந்தக் கூத்தை ஆரம்பிச்சது யாருன்னு அவரே பார்க்கட்டும்!"

"காட்டும்மா," என்றார் அவர், வேனிலிருந்து காலை எடுக்காமல். "முதல் பக்கத்துலேருந்தே காட்டு."

மேனேஜர் அறை வாசலில் நின்று பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். முட்டை ஓடு, பனிப்பாறை எல்லாம் போய், அவள் சேர்வதற்கு முந்தைய வாரம் வந்தது. முழுக்கையின் கோணல் எழுத்து: 'பெல்ட் லூஸ். டெல் மெக்கானிக்.' 'டோர் நாட் க்ளோஸிங். புஷ் ஹார்ட்.' ஒரு குழந்தைக்கும் புரியும். ஒவ்வொன்றின் கீழும் மேனேஜரின் வெறும் கையெழுத்து.

அடுத்த பக்கத்தில்தான் முதல் அலங்கார வரி, முத்து முத்தான எழுத்தில். 'எவ்ரிதிங் இஸ் ஷிப்ஷேப்.' எல்லாம் கச்சிதமாக இருக்கிறதாம். பக்கத்தில் மேனேஜரின் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, 'வெரி குட்! எவ்ரிபடி ரைட் லைக் திஸ்.'

உள்ளிருந்து மேனேஜர் கதவைத் திறந்தார். அவள் சட்டென்று நோட்டை மூடினாள்.

அந்த முத்து முத்தான கையெழுத்து அவளுடையது.