தனிமை மட்டும் பாக்கி

ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் தனியாக வாழக் கற்றுத்தரும் மாலை வகுப்பு, இரண்டாம் மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறையில் நடக்கிறது. இருபத்தைந்து நாற்காலிகள், முப்பத்தொரு பேர். தனியாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் இவ்வளவு பேரா என்று முதல் நாள் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பகலில் நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கிறேன். அரை மில்லிமீட்டர் தவறினாலும் வில்லை சட்டத்தில் உட்காராது. அந்தப் பழக்கத்தால் எதையும் இரண்டு முறை அளந்த பிறகுதான் நம்புவேன். என்னை மூன்று முறை அளந்தும் நம்புவதில்லை.

வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு தரிசு நிலம். கிணறு உண்டு, வீடு இல்லை. கூடாரம் போட்டு ஓர் ஆண்டு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். நான் கேட்டேன், பின்வரிசைத் தாடிக்காரரும் கேட்டார். "திங்கட்கிழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா தாடிக்குத்தான்" என்றாள் தோழி. ஓராண்டு விடுப்புக் கேட்டுக் கடைக்குக் கடிதம் எழுதி, தேதி மட்டும் போடாமல் பையில் வைத்திருந்தேன்.

எதையும் ஒத்திகை பார்க்க வேண்டும், பார்த்ததை அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். இது வகுப்பின் விதி. மழைக்காக, மழையங்கி போட்டுக்கொண்டு ஷவருக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

"உள்ள மழை விட்டுச்சா இல்லையா? எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சுடி!" என்று அக்கா கதவை இடித்தாள்.

குளிருக்கு, மாமா வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் கிடங்கு. மாமா என்பது அக்காவின் கணவர். நாற்பது நிமிடம் தாங்கினேன். வெயிலுக்கு மொட்டை மாடி. மூன்றுக்கும் எதிரே சரி போட்டாயிற்று. தனிமைக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாகக் கிடந்தது.

இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். அம்மா, அக்கா, மாமா, நான், அப்புறம் தூக்கத்திலும் பேசுகிற தம்பி. அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். இங்கே தனிமையை எங்கே போய் ஒத்திகை பார்ப்பது?

"சனி, ஞாயிறு நாங்க அத்தை வீட்டுக்குப் போயிடுறோம். இவ மாடியில கூடாரம் போட்டு இருக்கட்டும். சாவி அவசரத்துக்கு மட்டும்" என்றார் மாமா.

"பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுறவ. ஒரு ராத்திரி தாங்க மாட்டா" என்றாள் அம்மா. அவளுடைய நம்பிக்கையும் அதில்தான் இருந்தது. நான் பயந்தால் போக மாட்டேன்.

"பயமா இருந்தா போன் பண்ணுக்கா. விடிய விடியப் பேசுறேன்" என்றான் ரேடியோ.

"அதுக்குப் பயமே தேவலைடா."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். நான் கூடாரப் பையோடு மாடியேறினேன். முளை அடிக்கத் தரையைப் பார்த்தால் சிமெண்ட். எல்லாப் பருவங்களுக்கும் ஆயத்தமான நான், முளை மண்ணில்தான் இறங்கும் என்பதை யோசிக்கவில்லை. கயிறுகளை இழுத்துக் கட்டத் தண்ணீர் நிறைத்த வாளிகள் வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வீட்டைத் திறந்தேன்.

அப்போது பத்து இருபத்தைந்து. எங்கள் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தேன். பிறகு நடு அறையில் பாயை விரித்து, கையையும் காலையும் நான்கு பக்கமும் நீட்டிப் படுத்தேன். யார்மேலும் படவில்லை.

மதியம் நிதானமாகக் குளித்தேன். யாரும் கதவை இடிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: 'பயம் இல்லை. அலுப்பு இல்லை. வெளியே இன்னும் போகவில்லை.' ஞாயிறு மதியமும் அதே மூன்று வரிகள். வாளி காலியாகவே இருந்தது.

ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள்.

"பயந்தியாடி?" செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா கேட்டாள்.

பயந்தேன் என்றால் இனி ஒரு நிமிடம்கூட என்னைத் தனியாக விடமாட்டார்கள். பயப்படவில்லை என்றால் மறுநாள் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். எனக்கோ மலையடிவாரம் வேண்டாம், இந்தப் பாய் கிடக்கும் இடம் போதும் என்று முப்பது மணி நேரமாகத் தெரிந்திருந்தது.

"சரியாத் தெரியலம்மா. இன்னொரு தடவை பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அக்கா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "கூடாரப் பையைப் பிரிக்கவே இல்ல. பாய் நடு வீட்டுல கிடக்கு. என்னடி பண்ணினே?"

"கையை நீட்டிப் படுத்திருந்தேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் ரேடியோ அத்தை வீட்டுக் கதையைத் தொடங்கியிருந்தான்.

"ரெண்டு கையுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுக்கவில்லை. நிலம் தாடிக்காரருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை அக்கா வகுப்பில் சேர்ந்தாள்.

"எனக்கும் வருஷம் பூரா வெளியில வாழணும்னு ரொம்ப நாளா ஆசை. அடுத்த மாசம் என் ஒத்திகை. எல்லாரும் அத்தை வீட்டுக்குப் போயிடுங்க" என்று சாப்பிடும்போது அறிவித்தாள்.

"நீயா? கொசு கடிச்சாலே டாக்டரைத் தேடுவியே!" என்றார் மாமா.

அம்மா தட்டுகளை எல்லாம் கழுவி அடுக்கிவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்த வகுப்புல வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"